மரப்பலகையில் வாஷ்பேசின்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

குளியலறை வாஷ்பேசினுக்குக் கீழே கிரானைட்டுக்குப் பதிலாகத் தேக்குப் பலகை போடுவது இப்போது பல வீடுகளில் பார்க்கிற விஷயம்தான். போட்ட புதிதில் நன்றாக இருக்கும். ஒரு மழைக்காலம் தாண்டியதும் ஓர் ஓரத்தில் கறுப்பு தட்டும், இல்லை பாலிஷ் உரியும். உடனே வீட்டில் சொல்வது, "மேலே தண்ணி தெறிச்சுத் தெறிச்சே இப்படி ஆயிடுச்சு" என்பதுதான்.

பெரும்பாலும் அது காரணமில்லை. மேல்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது, யாராவது துடைத்துவிடுகிறார்கள். பலகையைக் கெடுப்பது, துடைக்க வழியில்லாத நான்கு இடங்களில் நுழையும் ஈரம்: குழாய்க்கும் வேஸ்ட் பைப்புக்கும் போட்ட ஓட்டையின் உள்சுவர், பேசினின் அடிவிளிம்பு, சுவரோரம், பாலிஷே காணாத அடிப்பக்கம். எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த நான்கையும் பார்த்துவிட்டுத்தான் உப்புத்தாளையோ பிரஷ்ஷையோ எடுக்க வேண்டும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே புதுப் பாலிஷ் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறவும் வழியில்லாமல் போகும்.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனைகள்

பலகையை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, குழாயடி, பேசின் ஓரம், சுவரோரம், முன்விளிம்பு என்று ஐந்தாறு இடங்களில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 10 நிமிடம் கழித்துத் துடையுங்கள். தடமே இல்லையென்றால் அங்கே பூச்சு நன்றாக இருக்கிறது. மரம் கறுத்து ஈர வட்டம் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது. எந்த இடங்களில் போயிருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். முன்விளிம்பில் மட்டும் என்றால் கை வைத்து, உரசித் தேய்ந்தது. குழாயைச் சுற்றி மட்டும் என்றால் ஓட்டையிலிருந்து ஈரம் ஏறுகிறது.

அடுத்து கீழே குனிந்து பார்க்க வேண்டும். ஆங்கிள் காக் (சுவரில் இருக்கும் சின்ன வால்வு), கனெக்ஷன் ட்யூப்பின் இரண்டு முனைகள், வேஸ்ட் கப்ளிங் (பேசினின் வடிகால் வாய்), பாட்டில் ட்ராப் (அதற்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் குப்பி) ஆகிய ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் சுற்றி ஒற்றிப் பாருங்கள். பிறகு பேசினை அடைத்து, நிரம்பவிட்டு, ஒரேயடியாகத் திறந்துவிட்டு மறுபடியும் ஒற்றுங்கள். குழாய் மெதுவாக ஓடும்போது காட்டாத கசிவை இந்த வேகம் காட்டிக்கொடுக்கும். அப்படியும் சந்தேகமென்றால் இரவு செய்தித்தாளை விரித்துவைத்துக் காலையில் பார்க்கலாம்.

ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கினால் ஊகத்துக்கு வேலையில்லை. சென்னை போன்ற கடலோர ஊரில், நல்ல நிலையில் இருக்கும் பலகை 12 முதல் 15 சதவீதம் காட்டும். 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வாசல் திறந்துவிட்டது என்று பொருள். பலகையின் நடுவில் ஒரு முறை, ஓட்டையின் அருகில் ஒரு முறை, அடியில் ஒரு முறை எடுங்கள். எண்கள் எவ்வளவு என்பதைவிட அவற்றுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம்.

மேலே அடித்திருப்பது என்ன பாலிஷ் என்று தெரியாவிட்டால் அடிப்பக்க மூலை ஒன்றில் சோதியுங்கள். ஸ்பிரிட் தொட்டதும் பிசுபிசுத்தால் அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் சாதாரண லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைனோ பியூ (பாலியூரித்தேன்) பாலிஷோ ஆக இருக்கும். அடிப்பக்கத்தில் பாலிஷே இல்லையென்று அப்போது தெரியவந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வெள்ளையாக வட்டம் அல்லது திட்டு

நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அது போர்வெல் தண்ணீரின் உப்பு. வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போட்டுவைத்துத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் ஒரு முறை துடைத்தால் போய்விடும். டாய்லெட் கழுவும் ஆசிட்டை இதற்கு எடுக்கவே கூடாது. உப்போடு பூச்சும் போகும்.

சுரண்டினால் வராமல், பூச்சுக்குள்ளேயே பால் நிறத்தில் மங்கல் தெரிந்தால், ஈரம் பூச்சின் உள்ளே மாட்டியிருக்கிறது. அரக்குப் பாலிஷிலும் லேக்கரிலும் இது அதிகம். ஈர டம்ளரோ சோப்பு டப்பாவோ இரவு முழுக்க இருந்த இடமாக இருக்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தூரத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே ஐந்து, பத்து நிமிடம் காட்டுங்கள். புதிதாக வந்த வட்டமென்றால் பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாத அரக்குப் பாலிஷை, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பனியன் துணியால் ஒரே ஓட்டமாக வருடிவிடலாம். துணி ஈரமாக இருக்கக் கூடாது, ஸ்பிரிட் மணம் இருந்தால் போதும். அழுத்தினால் பாலிஷே கையோடு வரும்.

இங்கே என் அபிப்பிராயம்: பிரெஞ்ச் பாலிஷுக்குக் குளியலறையில் இடமில்லை. சானிடைசர், சென்ட், ஷேவிங்குக்குப் பிறகு போடும் லோஷன் என்று அங்கே புழங்கும் பாதிப் பொருள்களில் ஆல்கஹால் இருக்கிறது. அரக்கு கரைவதே ஆல்கஹாலில்தான். சுவரில் மாட்டும் கண்ணாடிச் சட்டத்துக்கு அடியுங்கள், அழகாக இருக்கும். பேசின் பலகைக்கு வேண்டாம்.

வெள்ளைத் திட்டின் ஓரம் தூக்கிக்கொண்டு, நகம் உள்ளே நுழைந்தால் அது வட்டம் இல்லை, பூச்சு மரத்தை விட்டுப் பிரிகிறது. "பாலிஷ் உரிகிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

முடி நேராக்கும் கருவியைச் சூட்டோடு வைத்ததால் வந்த வெள்ளைத் தடமோ குழியோ தனி ரகம். அந்தக் கருவி 150 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். மேலே பூசியது சாதாரண எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின்) என்றால் 60 டிகிரிக்கு முன்னாலேயே இளகத் தொடங்கிவிடும். அந்தப் பகுதியைத் தேய்த்துவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. சூடு தாங்கும் சிலிக்கான் விரிப்பு ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

கறுப்புக் கறை

அதிகம் வரும் கேள்வி இதுதான். தவறான வைத்தியம் அதிகம் நடப்பதும் இதற்குத்தான். கறுப்பில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகை இரும்புக் கறை. மரத்தில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் நீலம் கலந்த கறுப்பு உண்டாகும். பழைய காலத்தில் கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து எழுதும் மை செய்ததும் இதே வேதியியலில்தான். குழாயின் அடி நட்டு, சாதா இரும்பு ஸ்க்ரூ, எல் ஆங்கிள், பலகை மேல் வைத்த ஷேவிங் ஃபோம் டப்பாவின் அடிவளையம், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரிலிருந்து உதிர்ந்த துணுக்கு ஆகிய எல்லாம் இதைச் செய்யும். கறை இருக்கும் வடிவமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். வட்டமாக இருந்தால் டப்பா, புள்ளியாக இருந்தால் ஸ்க்ரூ அல்லது நார்த் துணுக்கு, ஓட்டையிலிருந்து மர ரேகை வழியே கோடாக நீண்டால் குழாயின் நட்டு.

இரண்டாவது, பூஞ்சை. இது புள்ளி புள்ளியாக, சாம்பலும் பச்சையும் கலந்த கறுப்பாக, ரேகையைப் பற்றிக் கவலைப்படாமல் பரவும். மக்கிய வாடை இருக்கும்.

மூன்றாவது, அழுகல். இதை நிறத்தால் அல்ல, கையால் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், நெம்பினால் நீளச் சிராயாகப் பெயரும். அழுகிய மரத்தில் முனை இறங்கும், நெம்பினால் சின்னச் சின்னத் துண்டாக உடைந்து வரும்.

முதல் இரண்டில் எது என்று குழப்பமென்றால், பூச்சு இல்லாத இடத்தில் இரண்டு தனித்தனிப் புள்ளிகளில் சோதிக்கலாம். ஒன்றில் துணி வெளுக்கும் திரவ பிளீச் ஒரு சொட்டு: வெளுத்தால் பூஞ்சை. இன்னொன்றில் ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் ஒரு சொட்டு: சில நிமிடங்களில் கறுப்பு மங்கினால் இரும்பு. இரண்டையும் ஒரே இடத்தில் விடாதீர்கள். பிளீச்சோடு எந்த ஆசிட் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும், குளியலறை மாதிரிச் சின்ன அறையில் அது விளையாட்டில்லை.

இரும்புக் கறையை எடுக்கும் வரிசை இது. கசிவை நிறுத்துங்கள். ஸ்க்ரூ, நட்டு, ஆங்கிள் எல்லாவற்றையும் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கோ பித்தளைக்கோ மாற்றுங்கள். இதைச் செய்யாமல் கறையை எடுத்தால் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். பலகையைக் கழற்ற முடிந்தால் கழற்றி நிழலில், காற்றோட்டத்தில், கீழே கட்டை கொடுத்து உயர்த்தி வையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஈரமானி 15க்குக் கீழே வந்த பிறகு பழைய பூச்சை 120 உப்புத்தாளால் முழுக்க எடுங்கள். பூச்சு இருக்கும் இடத்தில் ஆசிட் இறங்காது.

ஹார்டுவேர் கடையில் ஆக்ஸாலிக் ஆசிட் பொடியாகக் கிடைக்கும். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50, 60 கிராம் கரைத்து, கறை இருக்கும் இடத்தில் மட்டும் அல்லாமல் பலகையின் மேல்பக்கம் முழுக்க ஒரே சீராகத் தடவுங்கள். கறையில் மட்டும் தடவினால் அங்கே வெளிறிய தீவு ஒன்று நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்துச் சுத்தமான தண்ணீரால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். கடைசியில் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறை, மறுபடி வெறும் தண்ணீர். கறை ஆழமென்றால் மறுநாள் இன்னொரு தடவை. கையுறை, கண்ணாடி கட்டாயம். இது நச்சுப் பொருள், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. சரியாகக் கழுவாமல் காய்ந்த பலகையை உப்புத்தாள் போட்டால் அந்தப் பொடி மூக்கிலும் தொண்டையிலும் எரியும், அதனால் கழுவுவதில் சோம்பல் வேண்டாம், தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

பூஞ்சையென்றால் உலர்த்துவதே முதல் மருந்து. மேலாக இருப்பதைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பூச்சைத் தேய்த்தெடுத்து, மிச்சக் கறைக்கு நீர்த்த பிளீச் தடவி, கழுவி, காயவிட்டு, பூசலாம். பேசினுக்குக் கீழே அலமாரி அடைப்பாக இருந்தால் அதன் முதுகுப் பலகையைக் கழற்றிவிடுங்கள், அல்லது கதவில் காற்றுக்கு இடைவெளி வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளித்து முடித்த பிறகும் அரை மணி நேரம் ஓடவிடுவது, எந்த ரசாயனத்தையும்விட நீண்ட நாள் பலன் தரும்.

இனி ஓட்டைகள். எந்தக் கறையானாலும் பலகை கழன்று கையில் இருக்கும் இந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். ரேகை போகும் திசைக்குக் குறுக்கே வெட்டிய முகம், பலகையின் மேல்முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய நாளங்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது. குழாய் ஓட்டையின் உள்சுவரில் பாதி அப்படிப்பட்ட முகம்தான். நூறில் தொண்ணூறு வீட்டில் அது பூச்சில்லாத பச்சை மரமாகவே விடப்பட்டிருக்கும், ஏனென்றால் பாலிஷ்காரர் வேலையை முடித்துப் போன பிறகுதான் பிளம்பர் துளை போடுவார். மெல்லிய எபாக்ஸியை அந்த உள்சுவர்களில் தடவி, மரம் குடிக்கக் குடிக்க மறுபடி தடவி, கடைசியில் பளபளப்பு நிற்கும்வரை விடாதீர்கள். பலகையின் இரண்டு முனைகளுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

பாலிஷ் உரிகிறது

உரிந்த சிம்பை எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மரத்தூளோடு, கறுத்து, ஈரமாக வந்தால் தண்ணீர் பின்னாலிருந்து வந்திருக்கிறது. மேலே சொன்ன நான்கு இடங்களையும் தேடுங்கள். அடிப்பக்கம் சுத்தமாக, கண்ணாடித் தாளாக வந்தால் பூச்சு ஆரம்பத்திலிருந்தே மரத்தைப் பிடிக்கவில்லை.

தேக்கில் இது சகஜம். தேக்கின் வைரத்தில், அதாவது நடுவிலுள்ள கெட்டி மரத்தில், இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கப்பலுக்கு அதைத் தேடிப் போனதற்கு அந்தக் குணமும் ஒரு காரணம். அதே எண்ணெய்தான் பூச்சையும் பசையையும் ஒட்டவிடாமல் செய்கிறது. முழுக்கத் தேய்த்தெடுத்த பிறகு, தின்னர் அல்லது அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் மஞ்சள் இறங்குவது குறையும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். துடைத்த அன்றே முதல் கை, அதாவது பூச்சின் முதல் அடுக்கு, பூச வேண்டும். நாலு நாள் விட்டால் உள்ளேயிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும். முதல் கை நீர்க்க இருக்கட்டும்.

மெலமைன் அடித்திருந்தால், அது கதவுக்கும் கட்டிலுக்கும் நல்ல பாலிஷ். ஈரம் நிற்கும் இடத்துக்கு இரண்டு பாகம் கலக்கும் பியூ பாலிஷ் நம்பகமானது. கடினப்படுத்தியை டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் அளந்து கலக்கச் சொல்லுங்கள். "கண்ணளவு" வேண்டாம். கை ஒவ்வொன்றுக்கும் நடுவில் 320 உப்புத்தாள், துடைப்பு, அப்புறம் அடுத்தது. மேலே எத்தனை கையோ, அடியிலும் அத்தனை கை. பாலிஷ்காரர் இங்கே நிச்சயம் முனகுவார். யாரும் பார்க்காத இடத்துக்கு ஏன் செலவு என்று கேட்பார். காரணம் "பலகை வளைகிறது" என்ற பகுதியில் இருக்கிறது.

பழைய சுவர் இணைப்பில் சிலிக்கான் இருந்த இடத்தில் மட்டும் புதுப் பூச்சு மீன்கண்ணாகக் குழிந்து விலகினால், சிலிக்கான் மிச்சம் மரத்தில் இருக்கிறது. அதைப் பிளேடால் சுரண்டி, தின்னரால் பலமுறை துடைத்த பிறகே பூச்சு பிடிக்கும்.

தொட்டால் பிசுபிசுக்கிறது

முன்விளிம்பில் மட்டும் பிசுபிசுப்பு என்றால் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் கை கிரீமும் பூச்சை மெல்ல இளக்கியிருக்கிறது. டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள். அடியில் பூச்சு கெட்டியாக இருந்தால் அதோடு சரி.

பலகை முழுக்கப் பிசுபிசுத்தால் எண்ணெய் வைத்தியம் நடந்திருக்கும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போட்டு மெருகேற்றச் சொல்லும் யோசனைகள் நிறைய உலவுகின்றன. தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காய்ந்து படலமாகாது, நல்லெண்ணெயும் இந்த வேலைக்கு ஆகாது. இரண்டும் தூசியைப் பிடிக்கும், பிறகு சிக்கு வாடை அடிக்கும். காய்ந்து இறுகுவது ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய் போன்ற சிலதான். அவற்றையும் மெல்லியதாகத் தடவி, 20 நிமிடத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்தெடுக்காவிட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அது சூட்டை வெளிவிடும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

பலகையில் வெடிப்பு

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில் அசையும். கணக்கு இப்படி: 500 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரம் 14 சதவீதத்திலிருந்து 10க்கு இறங்கினால், ரேகை அமைப்பைப் பொறுத்து 2 முதல் 4 மி.மீ. வரை சுருங்கும். ஏசி படுக்கையறையோடு சேர்ந்த குளியலறையில், கதவு எப்போதும் திறந்தே இருந்தால் இந்த அளவு ஏற்ற இறக்கம் சாதாரணம். சுருங்க முடியாதபடி பலகையை எங்கெல்லாம் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களோ, அங்கே அது வெடித்துத் தன் வழியைத் தேடிக்கொள்ளும்.

வெடிப்பு பேசினிலிருந்தோ குழாய் ஓட்டையிலிருந்தோ கிளம்பினால், ஓட்டை இறுக்கமாக இருக்கிறது, அல்லது அதன் உள்சுவர் ஈரம் குடித்துக் காய்ந்து குடித்துக் காய்ந்து சோர்ந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றிலும் 2 மி.மீ. பெரிதாக்கி, எபாக்ஸி தடவி, வாஷரை அகலமானதாகப் போடுங்கள். முனையில் மட்டும் மயிரிழை வெடிப்பு என்றால் முனை முகம் பூசப்படவில்லை. மெல்லிய எபாக்ஸியை இறங்கவிட்டு மூடலாம்.

நேர்க்கோடாக, பலகையின் நீளம் முழுக்க ஓடும் வெடிப்பு என்றால் அது மரத்தில் இல்லை, இரண்டு பட்டைகளை ஒட்டிய மூட்டில். உள்வேலைக்கான சாதா வெள்ளைப் பசையில் ஒட்டியிருப்பார்கள். மூட்டின் மேல் புட்டி தேய்ப்பதில் பயனில்லை. அதே கோட்டில் ரம்பத்தால் அறுத்து, இரண்டு முகத்தையும் புதிதாக இழைத்து, தின்னரால் துடைத்து, எபாக்ஸியிலோ தண்ணீர் தாங்கும் மரப்பசையிலோ ஒட்டிக் கிளாம்ப் போட வேண்டும். இது ஆசாரி வேலை.

அப்புறம், எந்த மாதத்தில் அடைக்கிறோம் என்பதும் உண்டு. மதுரை, கோவைப் பக்கம் மார்ச் முதல் மே வரை காய்ந்து விரிந்து நிற்கும் வெடிப்பில் கெட்டியான புட்டியைத் திணித்தால், ஐப்பசி மழையில் பலகை ஊதி, புட்டி இடம்கொடுக்காமல், பக்கத்தில் இன்னொரு வெடிப்பு வரும். பருவத்துக்குத் திறந்து மூடும் வெடிப்பென்றால் முதலில் ஸ்க்ரூக்களைத் தளர்த்திக் கொடுங்கள். ஒரு சுற்று பருவம் பார்த்துவிட்டு அடைக்கலாம்.

ஸ்க்ரூவைத் தளர்த்துவது என்றால் ஆட்டம்காண விடுவது அல்ல. சுவரோர ஸ்க்ரூக்கள் இறுக்கமாக இருக்கட்டும். முன்பக்க ஆங்கிள்களில் உருண்டை ஓட்டைக்குப் பதில், சுவரிலிருந்து முன்னோக்கி நீண்ட ஓட்டை இருக்க வேண்டும், ஸ்க்ரூ அதில் நடுவில் நிற்க வேண்டும். அப்போது அசைவெல்லாம் முன்விளிம்பில் நடக்கும், சுவரோர அடைப்பு கிழியாது.

பலகை வளைகிறது

ஒரு நேரான ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். ஓரங்கள் மேலே தூக்கி நடுவில் குழி விழுந்திருந்தால், அடிப்பக்கம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. மேலே பாலிஷ், அடியில் பச்சை மரம் என்று விட்ட பலகைகளில் இதுதான் நடக்கும். கீழே மூடிய அலமாரி, அதற்குள் ஈரத் துணியும் பினாயில் பாட்டிலும் என்றால் இன்னும் வேகம். நடுவில் தண்ணீர் தேங்கத் தொடங்கியதும் மற்றக் கோளாறுகளும் வரிசையாக வரும்.

ஸ்க்ரூவைப் போட்டு இழுத்து நேராக்க முயலாதீர்கள், வெடித்துவிடும். கழற்றி, இரண்டு பக்கமும் காற்று படும்படி நிறுத்தி, ஓரிரு வாரம் விடுங்கள். முக்கால்வாசி தானாக நேராகும். அதன் பிறகு அடிப்பக்கத்துக்கும் மேலே போட்ட அதே பூச்சு, அதே எண்ணிக்கையில். மிச்சமிருக்கும் வளைவு 2, 3 மி.மீ. என்றால் இழைத்துச் சமன்செய்யலாம். அதற்கு மேல் என்றால் பலகையை நீளவாக்கில் பட்டைகளாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்று புரட்டி ஒட்டுவதுதான் வழி.

சுவரோரம் விரிசல், கறுத்த சிலிக்கான்

பலகைக்கும் டைல்ஸுக்கும் நடுவில் வெள்ளை சிமெண்ட் வைத்திருந்தால் விரிசல் விடத்தான் செய்யும். மரம் அசையும், சிமெண்ட் அசையாது. சுரண்டி எடுத்துவிடுங்கள். பலகைக்கும் சுவருக்கும் 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டி உட்கார்ந்திருந்தால் செங்கல் சுவரின் ஈரமும் நேரே மரத்துக்கு ஏறும். இடைவெளியில், பூஞ்சை எதிர்ப்புள்ள சானிட்டரி வகை சிலிக்கான் போடுங்கள். வினிகர் வாடை அடிக்காத நியூட்ரல் வகையாகப் பார்த்து வாங்கினால் உலோகப் பொருத்திகளை அரிக்காது.

சிலிக்கான் உள்ளேயே கறுத்துவிட்டால் எந்தத் திரவமும் அதை வெளுக்காது. பிளேடால் முழுக்க அறுத்தெடுத்து, ஒரு நாள் காயவிட்டு, புதிதாகப் போடுவதுதான் குறைந்த வேலை.

வெள்ளைப் பேசினில் மஞ்சள், செம்மை நிறம் இறங்குகிறது

மரத்தின் சாயம் கசிகிறது. வேங்கைப் பலகையென்றால் ஆச்சரியமே இல்லை. வேங்கைக் கட்டையில் கடைந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றிவைத்தால் நிறம் மாறுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பலாவின் வைரத்திலிருந்து பௌத்த துறவிகளின் ஆடைக்கு மஞ்சள் சாயம் எடுத்த வழக்கம் உண்டு. இரண்டும் உறுதியான மரங்களே, ஆனால் ஈரத்தோடு நேரடித் தொடர்பு இருக்கும்வரை நிறம் விடும். பேசினின் அடிவிளிம்பு உட்கார்ந்திருக்கும் இடத்தில் பூச்சு இல்லை என்பதே இதற்குப் பொருள். பேசினைத் தூக்கி, அடியைக் காயவிட்டு, எபாக்ஸி இரண்டு கை பூசி, சிலிக்கான் வைத்து மறுபடி உட்காரவையுங்கள்.

பலகைக்குக் கீழே பொடி விழுகிறது

பொடியை வெள்ளைக் காகிதத்தில் எடுத்துப் பாருங்கள். மாவாக, மிக நைசாக இருந்து, மரத்தில் 1, 2 மி.மீ. ஓட்டைகள் தெரிந்தால் உளுக்கும் வண்டு. ரப்பர் மரப் பலகையிலும், தேக்கில் பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியிலும் இருக்கும் மாவுச்சத்துக்கு வரும். வைரத்தைத் தொடாது. கசகசா அளவில், உருட்டினால் விளிம்பு தட்டுப்படும் மணிகளாக இருந்தால் உலர்மரக் கரையான். சுவரிலிருந்து மண் குழாய் ஏறி வந்தால் நிலத்துக் கரையான். அது பலகையின் பிரச்சினை மட்டும் அல்ல, ஆள் வைத்துக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும்.

வண்டுக்கு, பூச்சைத் தேய்த்தெடுத்த பச்சை மரத்தில் போரான் உப்புக் கரைசலைத் தடவி ஊறவிட்டு, காய்ந்த பிறகு பூசலாம். பூச்சின் மேல் தடவினால் உள்ளே போகாது. புதுப் பொடி விழுவது நின்றதா என்று ஓட்டைகளை அடைத்துவிட்டு கவனியுங்கள்.

நாற்றம் மட்டும் அடிக்கிறது

மரத்தைக் குறை சொல்லும் முன் பேசின் ஓட்டையை இரவு அடைத்துவையுங்கள். காலையில் நாற்றம் இல்லையென்றால் ட்ராப்பில் சாக்கடை வாடையைத் தடுக்கும் தண்ணீர் வற்றியிருக்கிறது, அல்லது அழுக்கு அடைந்திருக்கிறது.

எப்போது விட்டுவிடுவது

பேசின் ஓட்டைக்கும் முன்விளிம்புக்கும் நடுவில் ஸ்க்ரூ டிரைவர் இறங்கினால் அந்தப் பலகை முடிந்தது. அங்கே மரம் குறுகல், பேசினின் எடையும் கை ஊன்றும் எடையும் அங்கேதான் விழும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேல் வினீர் எனும் மெல்லிய மரத்தாள் ஒட்டிய பலகை ஒரு முறை ஊதிவிட்டால் காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது, அதில் செலவு செய்யாதீர்கள். சாதா கமர்ஷியல் பிளைவுட் அடுக்கு பிரிந்தாலும் அப்படித்தான். பிளைவுட்தான் வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை, அதிலும் விளிம்புகளை எபாக்ஸியால் மூடி.

தனித் தடுப்பு இல்லாமல், பேசினுக்குப் பக்கத்திலேயே வாளி வைத்து மொண்டு குளிக்கும் குளியலறையானால் மறுபடி மரம் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். எந்தப் பூச்சும் தினமும் அந்தக் குளியலைத் தாங்காது, கிரானைட்டே சரி. தடுப்பு இருக்கிறது, மரம்தான் பிடிக்கிறது என்றால், புதுப் பலகையில் பாதிச் சிக்கலை ஆரம்பத்திலேயே தவிர்க்கலாம். வெள்ளைப் பகுதி கலக்காத வைரத் தேக்கில், 35 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல் எடுங்கள். பலகையின் மேல் உட்காரும் டேபிள் டாப் பேசின் போடுங்கள், மரத்துக்கு அடியில் தொங்கும் வகையில் வெட்டுமுகம் முழுக்கத் தண்ணீருக்கு எதிரே நிற்கும். குழாயைச் சுவரிலேயே வைத்துவிட்டால் மரத்தில் ஓர் ஓட்டை குறையும். கால் வைத்த ஸ்டாண்டு வேண்டாம், சுவரில் பிராக்கெட் அடித்துத் தொங்கவிடுங்கள், தரையைக் கழுவும் தண்ணீர் தொடாது. முன்விளிம்பின் அடியில், ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே ஒரு சின்னக் காடி (பள்ளக் கோடு) இழுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து வழியும் தண்ணீர் அந்தக் காடியில் சொட்டிவிடும், அடிப்பக்கமாக ஊர்ந்து உள்ளே போகாது.

பிளம்பரை முதலில் வரவழைத்து எல்லா ஓட்டைகளையும் போட்ட பிறகுதான் பாலிஷ்காரர் வர வேண்டும். கடைசிக் கை பியூ பாலிஷ் மறுநாளே காய்ந்ததாகத் தெரியும், ஆனால் உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை பேசினை ஏற்றாமல், சுவரோரம் சாய்த்தும் வைக்காமல், இரண்டு கட்டை மேல் படுக்கவையுங்கள்.